வன உற்பத்திப் பொருள் இறக்குமதி: சீனாவின் கணக்கும் ஜப்பானின் கணக்கும்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளில் நடைபெறவிருந்த தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். வினாத்தாள் அச்சிடுவதற்குக் கடதாசி இருக்கவில்லை. அதே மாதத்தில் கொழும்பிலிருந்து வெளிவரும் இரு நாளேடுகள் தமது அச்சுப் பதிப்பை நிறுத்தி வைக்க நேர்ந்தது. நாட்டின் கையிருப்பில் டொலர் இல்லை என்பதே அப்போது கூறப்பட்ட காரணமாகும். அது உண்மையே. ஆயினும் டொலர் தட்டுப்பாடு ஏற்படுவதற்கு முன்னரே உலகச் சந்தையில் மரக்கூழினதும் கடதாசியினதும் விலை பெரிதும் உயர்ந்துவிட்டிருந்தது. அந்த விலையைத் தீர்மானிப்பவர்கள் எம்மைப் போன்ற சிறிய நாடுகள் அல்லர். பெருந்தொகையாக வாங்குகின்ற ஒரு சில நாடுகளே அதனைத் தீர்மானிக்கின்றன.

அத்தகைய நாடுகளுள் ஆசியாவில் முதன்மையானவை இரண்டு. ஒன்று ஜப்பான், மற்றையது சீனா. முன்னையது 1960களிலிருந்து ஏறத்தாழ 40 ஆண்டு காலம் ஆசிய மரச் சந்தையை ஆட்டிப்படைத்தது. பின்னையது 1998க்குப் பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. இவ்விரு நாடுகளினதும் வன உற்பத்திப் பொருள் இறக்குமதிப் பெறுமதியை அருகருகே வைத்து, சீனாவே உலகக் காடுகளை விழுங்குகின்றது என்றும், ஜப்பான் திருந்திவிட்டது என்றும் முடிவு கட்டுவது அண்மைக் காலமாக ஒரு வழக்கமாகிவிட்டது. டொலர் கணக்கை மாத்திரம் பார்த்தால் அவ்வாறுதான் தோன்றும். சீனாவின் மொத்த இறக்குமதிப் பெறுமதி ஜப்பானினதைவிடப் பல மடங்கு அதிகம். எனினும் அந்தத் தொகை எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பதை விளங்கிக்கொள்ளாமல் தீர்ப்பு வழங்குவது முறையாகாது என்பது எமது கருத்து.

முதலில் பட்டியலில் என்ன அடங்குகின்றது என்று பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுகின்ற வன உற்பத்திப் புள்ளிவிபரங்களில் மரக்குற்றி, விறகு, கரி, அரிந்த பலகை, ஒட்டுப்பலகை போன்ற தகடு வகைகள், மரத்துண்டுகள், மரக்கூழ், கழிவுக் கடதாசி, புதிய கடதாசி, மட்டை ஆகியன சேர்க்கப்படுகின்றன. நாற்காலி, மேசை, கட்டில், அலுமாரி போன்ற தளபாடங்கள் அதில் இல்லை. சுங்கத்தின் சர்வதேச வகைப்படுத்தலிலும் மரம் 44 ஆம் அத்தியாயத்திலும், கூழ் 47 இலும், கடதாசி 48 இலும் இருக்க, தளபாடம் வெகு தூரம் தள்ளி 94 ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றது. ஒரே மரம் எந்த வடிவில் துறைமுகத்தில் இறங்குகின்றதோ அதற்கேற்ப ஒரு கணக்கில் ஏறும்; அல்லது ஏறாமலே போகும். இது சிறிய விடயமல்ல. கீழே நாம் சொல்லப் போவதில் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கின்றது.

ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடாகும். அதாவது 25 மில்லியன் ஹெக்டேயர். கைத்தொழில் வளர்ச்சியடைந்த நாடுகளில் இவ்வளவு காடு கொண்டவை மிகச் சில. அதில் நான்கு பங்கில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு மனிதர் நட்ட காடு. போர்க்காலத்தில் மலைகள் மொட்டையடிக்கப்பட்டிருந்தன. போர் முடிந்த பின்னர் அரசாங்கம் நாடு முழுவதும் சுகி, ஹினோக்கி எனப்படும் ஊசியிலை மரங்களை நடுவித்தது. அவை வெட்டும் பருவத்தை அடைய 40, 50 ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் எரிந்துபோன நகரங்களை மீளக் கட்டுவதற்கு உடனடியாக மரம் தேவைப்பட்டது. 1964 ஆம் ஆண்டளவில் மர இறக்குமதி முற்றாகத் தாராளமாக்கப்பட்டது. 1955 இல் தனது மரத் தேவையில் 90 வீதத்துக்கு மேல் தானே நிறைவு செய்த நாடு, 2002 இல் 19 வீதத்துக்கும் குறைவாகவே சொந்தக் காட்டிலிருந்து பெற்றது.

மிகுதி எங்கிருந்து வந்தது? முதலில் பிலிப்பைன்ஸிலிருந்து. அங்குள்ள லவான் மரம் 1960களில் கப்பல் கப்பலாக ஜப்பானுக்குச் சென்றது. அக்காடு குறையத் தொடங்கியதும் 1970களில் இந்தோனேஷியா, அதன் பின்னர் மலேஷியாவின் சபா, சரவாக் மாநிலங்கள். 1970களின் முற்பகுதியில் ஜப்பானின் மரக்குற்றி இறக்குமதி ஆண்டொன்றுக்கு 50 மில்லியன் கன மீற்றர் அளவை எட்டியது. அதில் ஏறத்தாழ அரைவாசி வெப்பமண்டலக் காட்டு மரம். அதனைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். பெருமளவு ஒட்டுப்பலகையாக மாற்றப்பட்டு, கொங்கிறீற் வார்ப்பதற்குச் சுற்றிவர அடிக்கும் பலகையாகப் பயன்பட்டது. இரண்டு மூன்று தடவை பயன்படுத்திய பின்னர் அது எறியப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த மரத்தின் முடிவு அதுவாக இருந்தது. 1987 இல் சரவாக்கின் பெனான் பழங்குடியினர் தமது காட்டுக்குள் செல்லும் பாதைகளை மறித்து நின்றமை உலகச் செய்தியானது. அந்தப் பாதையின் மறுமுனை ஜப்பானியத் துறைமுகங்களில் முடிந்தது.

இங்கே பெறுமதிக் கணக்கின் முதலாவது வேடிக்கையைக் காணலாம். 1985 இல் இந்தோனேஷியா மரக்குற்றி ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தது. மரத்தைக் குற்றியாக விற்காமல், உள்நாட்டில் ஒட்டுப்பலகையாக்கி விற்பதே அதன் நோக்கம். ஜப்பானின் சுங்கக் கணக்கில் இந்தோனேஷியக் குற்றி மறைந்தது. அதன் இடத்தில் ஒட்டுப்பலகை தோன்றியது. ஒரு கன மீற்றர் ஒட்டுப்பலகையின் விலை ஒரு கன மீற்றர் குற்றியின் விலையைவிடப் பல மடங்கு. ஆகவே ஜப்பான் வாங்கிய மரத்தின் அளவு கூடாமலே இறக்குமதிப் பெறுமதி கூட இடமுண்டாயிற்று. காட்டில் வெட்டுண்ட மரத்தின் தொகை குறைந்துவிடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கிடையில் ஜப்பானின் சொந்த மலைகளில் மரம் வளர்ந்துகொண்டே இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் அந்நாட்டுக் காடுகளில் நின்ற மரத்தின் கன அளவு 1.9 பில்லியன் கன மீற்றர். இன்று அது 5 பில்லியனைத் தாண்டிவிட்டது. வெட்டுவாரற்று முதிர்ந்த சுகி மரங்களின் மகரந்தம் வசந்த காலத்தில் நகர மக்களைத் தும்மலிலும் கண்ணெரிவிலும் வாட்டுகின்றது. இது ஒரு தேசியப் பிரச்சினையாகி, சுகிக் காட்டின் பரப்பைப் பத்தாண்டுகளில் 20 வீதத்தால் குறைக்கப் போவதாக 2023 இல் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அயலவனின் காட்டை வெட்டித் தனது காட்டை வளர்த்தவனுக்கு அக்காடே தும்மலாக வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அண்மைக் காலத்தில் ஜப்பான் சொந்த மரத்தை அதிகம் பயன்படுத்தத் தொடங்கியுள்ளது உண்மையே. 2020 இல் அதன் தன்னிறைவு வீதம் 41 ஐத் தாண்டியது. மரக்குற்றி இறக்குமதி இப்போது ஆண்டுக்கு 3 மில்லியன் கன மீற்றருக்கும் குறைவு.

இனிச் சீனாவுக்கு வருவோம். 1998 கோடையில் யாங்சி நதி பெருக்கெடுத்து 3,000 க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பல மில்லியன் மக்கள் வீடிழந்தனர். நதியின் மேற்பகுதியில் காடுகள் அழிக்கப்பட்டமையே வெள்ளத்தைப் பெருக்கியது என்று அரசாங்கம் முடிவு செய்தது. யாங்சியினதும் மஞ்சள் ஆற்றினதும் மேற்பகுதிகளில் இயற்கைக் காடுகளை வெட்டுவது தடை செய்யப்பட்டது. மறு ஆண்டில் மரக்குற்றிக்கும் பலகைக்குமான இறக்குமதித் தீர்வை பூச்சியமாக்கப்பட்டது. உள்ளூர்க் கதவு மூடப்பட்டது. துறைமுகக் கதவு திறக்கப்பட்டது. 2017 அளவில் நாடு முழுவதும் இயற்கைக் காடுகளில் வர்த்தக நோக்கில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அரசின் கணக்குப்படி சீனாவின் காட்டுப் பரப்பு இன்று நிலப்பரப்பில் 24 வீதத்தைத் தாண்டியுள்ளது.

விளைவு இறக்குமதிக் கணக்கில் தெரிகின்றது. 1998 இல் 5 மில்லியன் கன மீற்றருக்கும் குறைவாக இருந்த மரக்குற்றி இறக்குமதி, 2007 இல் 37 மில்லியனாகவும் 2021 இல் 63 மில்லியனுக்கு மேலாகவும் உயர்ந்தது. ஜப்பான் தனது உச்சக் காலத்தில் வாங்கியதைவிட இது அதிகம். ஆனால் கதை ஒன்றே. தனது காட்டைக் காப்பாற்ற முடிவு செய்த செல்வமுள்ள நாடொன்று தனது தேவையை வேறொருவரின் காட்டுக்கு மாற்றிவிடுகின்றது. ஜப்பான் அதைப் போருக்குப் பின் செய்தது. சீனா அதை வெள்ளத்துக்குப் பின் செய்தது. இந்த ஒற்றுமையைப் பெறுமதி அட்டவணை எதிலும் காண முடியாது.

வேற்றுமையும் ஒன்றுண்டு. அது இன்னும் முக்கியமானது. ஜப்பான் இறக்குமதி செய்த மரத்தில் பெரும்பகுதியை ஜப்பானியரே பயன்படுத்தினர். சீனாவோ உலகின் மிகப் பெரிய தளபாட ஏற்றுமதி நாடு. ஒட்டுப்பலகை ஏற்றுமதியிலும் அதுவே முன்னிற்கின்றது. ரஷ்யாவிலோ பப்புவா நியூகினியிலோ வெட்டப்பட்ட மரம் சீனத் தொழிற்சாலையில் கட்டிலாகி அமெரிக்க வீடொன்றின் படுக்கையறைக்குச் செல்கின்றது. வன உற்பத்திப் பொருள் கணக்கில் அந்த மரம் சீனாவின் இறக்குமதி. அமெரிக்காவின் கணக்கில் அது வன உற்பத்திப் பொருளே அல்ல. 94 ஆம் அத்தியாயத்துத் தளபாடம். ஜப்பானியக் குடும்பமொன்று சீனாவிலோ வியட்நாமிலோ செய்த அலுமாரியை வாங்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. சீனாவின் தொகை அதன் உண்மையான நுகர்வைவிடப் பெரிதாகவும், ஜப்பானின் தொகை அதன் உண்மையான நுகர்வைவிடச் சிறிதாகவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். சனத்தொகையையும் மறந்துவிடலாகாது. சீனாவின் சனத்தொகை 1.4 பில்லியன், ஜப்பானின் சனத்தொகை 124 மில்லியன். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், தளபாடத்தைச் சேர்க்காமலே, ஜப்பானியர் ஒருவரின் இறக்குமதிப் பங்கு சீனர் ஒருவரின் பங்கைவிடக் கூடுதலாகும்.

பெறுமதி என்பது அளவு அல்ல என்பதற்கு 2021 ஆம் ஆண்டைப் போன்ற நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அவ்வாண்டில் சீனாவின் மரக்குற்றி இறக்குமதி கன அளவில் ஏறத்தாழ 7 வீதத்தால் மாத்திரமே கூடியது. பெறுமதியோ 40 வீதத்தை அண்மிக்கும் அளவுக்குக் கூடி 11 பில்லியன் டொலரைத் தாண்டியது. பலகை இறக்குமதியில் இன்னும் விசித்திரம். அளவு ஏறத்தாழ 15 வீதத்தால் குறைந்தது. பெறுமதி குறையாமல் சற்றே உயர்ந்தது. காரணம் வெளிப்படையானது. கொவிட் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிய அமெரிக்கர்கள் வீடு கட்டவும் திருத்தவும் முற்பட்டதால் பலகை விலை வரலாறு காணாத உயரத்துக்குச் சென்றது. கப்பல் கட்டணமும் பல மடங்காகியது. இறக்குமதிப் பெறுமதி என்பது பொருளின் விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த தொகையாகும். எனவே கப்பற் கம்பனிக்குச் சென்ற பணமும் மரத்தின் பெறுமதியாகவே கணக்கில் ஏறுகின்றது. ஜப்பானிய வீடு கட்டுவோர் அவ்வாண்டை மர அதிர்ச்சி ஆண்டு என்று அழைக்கின்றனர். அதன் பின்னர் நாணய மாற்று விகிதம் வேறு குறுக்கிட்டது. 2021 இல் ஒரு டொலருக்கு 110 யென் அளவில் இருந்த மாற்று விகிதம் 2022 இல் 150 யென்வரை சென்றது. டொலரில் குறைந்ததாகத் தெரியும் இறக்குமதி யென்னில் கூடியதாகத் தெரியும். இரண்டு நாட்டை ஒப்பிடுபவர் இரண்டு நாணயத்தையும் பார்த்தே ஆகவேண்டும்.

கடதாசியின் கதை எம்மை நேரடியாகத் தொட்ட ஒன்று. சீனா நீண்ட காலம் உலகின் கழிவுக் கடதாசியை வாங்கி மட்டைப் பெட்டி செய்தது. 2012 இல் மாத்திரம் ஏறத்தாழ 30 மில்லியன் தொன் வாங்கியது. பிற நாட்டுக் குப்பை வேண்டாம் என்று முடிவெடுத்துப் படிப்படியாகக் குறைத்து, 2021 ஜனவரி முதல் அதனை முற்றாக நிறுத்தியது. நல்ல முடிவென்றே உலகம் கருதியது. ஆனால் பெட்டியின் தேவை குறையவில்லையே! மலிவான கழிவுக் கடதாசியின் இடத்தை விலை கூடிய புதிய மரக்கூழும், வேறு ஆசிய நாடுகளில் செய்த மீள்சுழற்சிக் கூழும், ஆயத்தமான கடதாசியும் பிடித்தன. சீனாவின் கூழ் இறக்குமதி இப்போது ஆண்டுக்கு 30 மில்லியன் தொன்னுக்கு மேல். அதில் பெரும் பங்கு பிறேசிலின் யூக்கலிப்டஸ் தோட்டங்களிலிருந்து செல்கின்றது. சூழலைப் பேணும் நோக்கில் எடுத்த ஒரு தீர்மானம் இறக்குமதிப் பெறுமதியை உயர்த்தியது. 2022 இல் எமது பிள்ளைகளின் வினாத்தாளுக்குரிய கடதாசியும் இதே சந்தையிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. வைக்கோலில் கடதாசி செய்வதற்கென 1950களில் தொடங்கப்பட்ட வாழைச்சேனை ஆலையின் நீண்ட மௌனத்தைப் பற்றி இங்கு எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறு திசைக்குச் சென்றுவிடும்.

ஜப்பானின் பக்கத்திலும் நல்ல நோக்கம் இறக்குமதியாக மாறிய கதையுண்டு. 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின்னர் மாற்றுச் சக்திக்கு அரசாங்கம் உயர்ந்த விலை கொடுக்க முன்வந்தது. அதன் பயனாக மர உருண்டைகளை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் எழுந்தன. வியட்நாம், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து 2023 இல் 5 மில்லியன் தொன்னுக்கு மேற்பட்ட மர உருண்டைகள் இறக்குமதியாகின. காட்டுப் பொருள் கணக்கில் இருந்தாலும், இது உண்மையில் எரிபொருள் இறக்குமதியே.

பெறுமதிக் கணக்கு மறைக்கின்ற மிகப் பெரிய விடயத்தை இறுதியாகச் சொல்ல வேண்டும். சொலமன் தீவுகள் வெட்டி ஏற்றுகின்ற குற்றிகளில் மிகப் பெரும்பகுதி சீனாவுக்கே செல்கின்றது. பப்புவா நியூகினியின் நிலையும் அதுவே. சீனாவின் பல பத்து பில்லியன் டொலர் இறக்குமதியில் சொலமன் தீவுகளின் குற்றி ஒரு துளி. சொலமன் தீவுகளுக்கோ அது ஏற்றுமதி வருமானத்தின் முதுகெலும்பு. மீள வளரும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் வெட்டப்படும் காடு. மலிவாக விற்கப்படும் மரம் அட்டவணையில் சிறிதாகத் தெரியும். ஒரு நாடு தனது காட்டை எவ்வளவு மலிவாக இழக்கின்றதோ அவ்வளவுக்கு அந்த இழப்பு டொலர் கணக்கில் கண்ணுக்குப் படாமல் போகின்றது. ஜப்பான் பிலிப்பைன்ஸில் வாங்கியபோதும் இப்படித்தான் இருந்தது.

அட்டவணைக்குள் வராமலே போகும் மரமும் உண்டு. 2014 ஏப்ரலில் கொழும்புத் துறைமுகத்தில் 28 கொள்கலன்களில் மடகஸ்காரின் செம்மரக் குற்றிகளை எமது சுங்கத் திணைக்களம் கைப்பற்றியது. ஏறத்தாழ 420 தொன். மடகஸ்கார் அம்மரத்தின் ஏற்றுமதியை ஏற்கனவே தடை செய்திருந்தது. இவ்வகை மரத்துக்கு உலகின் மிகப் பெரிய சந்தை சீனாவின் ஆடம்பரத் தளபாடத் தொழிலாகும். அந்தக் கொள்கலன்கள் பிடிபடாமல் சென்றிருந்தால் எந்த நாட்டின் எந்தக் கணக்கிலும் அவை மரமாகப் பதிவாகியிருக்குமா என்பது ஐயமே.

தனது நாட்டில் விற்கப்படும் மரம் சட்டபூர்வமாக வெட்டப்பட்டதா என்று கேட்கும் பொறுப்பை 2008 இல் அமெரிக்காவும் 2013 இல் ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதியாளர் மீது சுமத்தின. ஜப்பானின் சட்டம் 2017 இல் நடைமுறைக்கு வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீனாவின் திருத்திய வனச் சட்டமும் களவு மரத்தை வாங்குவதையும் பதப்படுத்துவதையும் தடை செய்கின்றது. வெளிநாட்டில் வெட்டப்பட்ட மரத்துக்கு அது எவ்வாறு பிரயோகிக்கப்படும் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. இலங்கையிலும் 1990 இல் இயற்கைக் காடுகளில் வர்த்தக நோக்கிலான மர வெட்டு நிறுத்தப்பட்டது. அது முதல் வீட்டுத் தோட்ட மரமும் இறப்பர் மரமும் போக மீதித் தேவைக்கு நாமும் மலேஷியா முதலிய நாடுகளின் பலகையையே நம்பியிருக்கின்றோம். கப்பலில் வந்த பலகையை மரக்காலையில் விலை பேசும்போது அதன் வகையைக் கேட்கின்றோம். உலர்ந்ததா என்று தட்டிப் பார்க்கின்றோம். எந்த நாட்டின் எந்தக் காட்டில் வெட்டியது என்று கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதற்குரிய பத்திரம் மரக்காலைக்காரரின் கையில் இருப்பதில்லை.